மூன்றாம் வளைவைத் தாண்டாத கார்

எங்கள் கூழைச்சுனையில் எட்டு மாதம் யாருக்கும் கோபம் நிலைக்கவில்லை, அந்த எட்டு மாதமும் என் டீக்கடை படுத்துவிட்டது, ஆகவே இந்தக் கதையை நான் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்வேன், கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பெயர் போதுமணி. மலை ரோடு முதன்முதலாக மேலே ஏறத் தொடங்குகிற இடத்தில், சிக்கந்தர் பாய் ஒர்க்ஷாப்புக்கும் ஜீப் ஸ்டாண்டுக்கும் நடுவில் என் கடை. டீக்கடை என்றால் என்ன? நாலு பேர் பேப்பரை விரிக்க, ஒருத்தன் ஒன்று சொல்ல, இன்னொருத்தன் உனக்கு என்னடா தெரியும் என்று எகிற, சூடு ஏற ஏற இரண்டாவது டீ, மூன்றாவது டீ, தொட்டுக்க ஒரு வடை. கோபம் இல்லாத ஊரில் ஒருத்தன் ஒரே ஒரு டீயைக் குடித்துவிட்டு, நல்லாருக்குண்ணே என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். அப்படிப்பட்ட ஊரில் எவன் கடை நடத்துவான்.

எல்லாவற்றுக்கும் குருவம்மாளின் கார்தான் காரணம். வெள்ளைக் கார், டீசல் வண்டி, இரண்டு பேர் ஓட்டிக் கழித்ததை மூன்றாவதாக இவள் வாங்கினாள். குருவம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது, ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்தவள், வாய்க்கும் கைக்கும் ஒரே வேகம். அவள் வீட்டுக்காரர் சன்னாசி மேலே ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்துகிற அடுப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள், அஞ்சு நாள் மலையில், ரெண்டு நாள் வீட்டில். தோட்டத்து ஆட்களை நானே ஏற்றி இறக்குகிறேன் என்று அவள் கார் வாங்கியது சன்னாசிக்குப் பிடிக்கவில்லை. பொம்பளை ஓட்டுவதா என்கிற ஆள் இல்லை அவர். அவருடைய அண்ணன் அந்த மலையில்தான் ஜீப்போடு உருண்டு போனான், அந்தப் பயம். ஆனால் பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரியாத மனுஷன், அதனால் அதை வீம்பாகச் சொன்னார், அதையும் என் கடை வாசலில் வைத்துச் சொன்னார்.

"இந்த வண்டி உன் கையால எங்க தோட்டத்து கேட்டு முன்னாடி வந்து நிக்கட்டும். அன்னைக்கு நான் இதுல ஏறி வீட்டுக்கு வர்றேன். அதுவரைக்கும் எறங்க மாட்டேன்."

"நாளைக்கே வர்றேன். துணிமணிய எடுத்து வையி" என்றாள் குருவம்மாள்.

மறுநாள் கிளம்பினாள். முதல் வளைவு ஏறியது, இரண்டாம் வளைவு ஏறியது, மூன்றாம் வளைவில் பாதி திரும்புகையில் காருக்கு மூச்சு அடைத்தது, முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, மிதிக்க மிதிக்க உறுமலே தவிர இழுவை இல்லை, முதல் கியரில் போட்டால்கூட வண்டி மலையைப் பார்த்து நின்றதே ஒழிய ஏறவில்லை. அவள் பின்னாலேயே உருட்டி வந்து திருப்பிக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போதுதான் கவனித்திருக்கிறாள், காரின் இழுவை போன இடத்திலேயே அவளுடைய கோபமும் போயிருந்தது. நேராக என் கடைக்கு வந்தாள், சக்கரை கம்மியா ஒரு டீ குடுங்கண்ணே என்றாள், ஏறலண்ணே, ஏறாட்டி என்ன என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

சிக்கந்தர் பாய் பார்த்தார். இழுவை இல்லை என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் டீசல் பில்டரை மாற்றுவார்கள், அதை மாற்றினார், ஏர் பில்டரை மாற்றினார், ஒவ்வொரு தடவையும் மாற்றிவிட்டு வழக்கப்படி ஓட்டிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கும்போது அவர் முகம் அவ்வளவு குளுமையாக இருந்தது. "பரவால்ல, சமவெளியில நல்லாத்தான் போகுது" என்பார். தேனியிலிருந்து கம்ப்யூட்டரோடு ஒரு ஆள் வந்து வயரைச் சொருகிப் பார்த்து, டர்போவில் காற்று ஏறவில்லை, மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்று சொல்லி, அவனும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, மாற்றாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது என்று சொல்லிப் போனான். சிக்கந்தர் பாய் முப்பது வருஷமாகக் கோளாறுகளோடு மல்லுக்கட்டுகிறவர், ஸ்பானரை விட்டெறிந்து திட்டித் திட்டியே கோளாறைக் கண்டுபிடிக்கிற கை. கோளாறு மேல் எரிச்சல் வராத மெக்கானிக்குக் கோளாறு எப்படி அகப்படும்? கார் அப்படியே விடப்பட்டது.

மலையேறாத காரை வைத்துக்கொண்டு குருவம்மாள் ஊருக்குள்ளேயே ஆள் ஏற்றினாள். முதலில் ஏறியவர்கள் ஒரே கிணற்றுக்குப் பத்து வருஷமாக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி, கோர்ட்டுக்குப் போகப் பஸ் தவறிவிட்டதால் வேறு வழியில்லாமல் ஒரே காரில் ஆளுக்கொரு கதவை ஒட்டி உட்கார்ந்தார்கள், பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் தம்பி கண்ணாடியை இறக்கிவிட்டான், குளத்தங்கரை தாண்டியதும் அண்ணன் வெற்றிலையை நீட்டினான், ஊர் எல்லை வந்ததும் இரண்டு பேரும் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் புருஷனோடு கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறவள் ஏறினாள், பாதியில் இறங்கிக் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள். அப்புறம் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், பல் பிடுங்கப் போகிறவர்கள், பந்தலில் மோதிரம் சின்னதாக இருக்கிறது என்று முறுக்கிக்கொண்டு எழுந்த மாப்பிள்ளை வீட்டார், எல்லாரும் ஏறினார்கள், எல்லாரும் குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள், எல்லாரும் இறங்கும்போது தங்கள் கோபத்தை சீட்டுக்கடியில் விட்டுவிட்டு இறங்கினார்கள். கார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அது ஒன்றுதான் கணக்கு. என்ஜின் நின்றிருந்தால் அது வெறும் கார்.

எங்கள் ஊர் இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிற ஊர் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை எங்கே என்று சொல்வது மாதிரி, கோபமா, குருவம்மா காரு அந்தப் பக்கம் நிக்கும் என்று கை காட்டினார்கள். புதுமணத் தம்பதிகளை அதில் ஏற்றி ஒரு சுற்று விடுவது ஆறே மாதத்தில் பரம்பரை வழக்கம் மாதிரி ஆகிவிட்டது, ஏற்றாமல் விட்ட கல்யாணத்தைப் பற்றிப் பெண்கள் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும் என்பதும் ஒரு முறையாயிற்று, இரண்டாவது கியரைத் தாண்டக்கூடாது, அப்போதுதான் நன்றாக வடியும் என்று கண்டுபிடித்தார்கள். மெதுவா போத்தா என்று அவள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே ஊர் சொல்லிக்கொண்டிருந்ததுதான். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மாதம் முதல் கியரிலேயே சுற்றினாள், போஸ்ட்மேன் சொன்னார் மெதுவா போ, கண்டக்டர் சொன்னார் மெதுவா போ, மெதுவாகப் போனால் வண்டிக்கு நல்லது என்று டீ ஆற்றிக்கொண்டே நானும் சொன்னேன். எதிலும் ஊர்ப்பேச்சைக் கேட்காத குருவம்மாள் அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டாள்.

இதில் ரொம்பக் குளிர்ந்தவர் எங்கள் ஊராட்சித் தலைவர். மேலத்தெருவில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்து நாலு மாதம், தண்ணீர் ரோட்டில் ஓடியது, பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். அவர் தானே கார்க் கதவைத் திறந்துவிட்டு, ஏறுங்கம்மா, முதல்ல ஒரு சுத்து போயிட்டு வாங்க, அப்புறம் பேசுவம் என்றார். போய்விட்டு வந்தவர்கள் பேசவில்லை. பாவம் அவருக்கு எத்தனை வேலை என்று சொல்லிக்கொண்டே ரெண்டு மைல் நடந்து தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். குழாய் உடைந்தது உடைந்தபடி கிடந்தது, சுற்றிலும் புல் முளைத்தது, புல்லை மேயக் கழுதை வந்தது, அதைப் பார்த்து எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நான் அதுவரை அந்தக் காரில் ஏறியதே இல்லை. வியாபாரி கோபத்தை விட்டால் கைமுதலை விட்ட மாதிரி.

குருவம்மாள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அவளுக்குத் தினமும் காலையில் கொடியில் கிடக்கிற சன்னாசியின் துண்டைப் பார்த்ததும் நெஞ்சு திகுதிகுவென்று எரியும், இன்றைக்கு ஜீப் பிடித்தாவது போய் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வருவாள், வாசலில் யாராவது காத்திருப்பார்கள், சாவியைத் திருப்புவாள், அவ்வளவுதான். அந்த ஆளைப் பற்றிய நினைப்பு இருக்கும், அதில் சூடு இருக்காது. சாயங்காலம் வரை ஊராரின் கோபத்தை வடித்துவிட்டு, அலுத்துப் போய்ப் படுத்துவிடுவாள். அப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. மேலே அவர் இறங்கவில்லை, கீழே இவள் ஏறவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாம் வளைவு இருந்தது.

மாசியில் ஒரு புதன்கிழமை, அவள் காரை நிறுத்திவிட்டு என் கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து வந்த ஜீப் டிரைவர் சேதி சொன்னான். சன்னாசியின் தோட்டம் கைமாறிவிட்டது, பழைய முதலாளி அடுப்புத் தெரிந்த ஆட்களைக் குடகுக்குக் கூட்டிப் போகிறார், சனிக்கிழமை மத்தியானம் லாரி. சன்னாசியும் பெயர் கொடுத்துவிட்டார்.

அவள் கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். வீட்டுக்குப் போகவில்லை, காருக்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் நின்றாள். நிற்க நிற்க அவள் முகத்தில் பழைய குருவம்மாள் ஏறி வருவதை நான் பார்த்தேன்.

"அண்ணே, நான் இனிமே வண்டிக்குள்ள ஒக்காரப் போறதில்ல. ஒக்காந்தா இதையும் மறந்துருவேன். அந்த ஆளு போயிருவாரு, நான் குளத்தச் சுத்திக்கிட்டே கெடப்பேன்" என்றாள்.

"ஜீப்புல போயிரேன் தாயி."

"ஜீப்புல போனா அவரு எறங்க மாட்டாரு. சொன்ன சொல்லுக்கு நிக்கிற கழுத அது. நானும்தான்." சொல்லிவிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போய் சிக்கந்தர் பாயைக் கூப்பிட்டாள். "பாய், நீங்க ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாக்குறீங்க, மனசு குளுந்து எறங்கிர்றீங்க. இந்தத் தடவ வண்டில ஏறாதீங்க. கீழ நின்னே பாருங்க."

சிக்கந்தர் பாய் கையிலிருந்த பழந்துணியை மெதுவாகக் கீழே வைத்தார். முப்பது வருஷத்தில் தனக்கே தோன்றாத யோசனை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில பானெட்டத் தூக்குவம் என்றார்.

சேதி ஊருக்குள் பரவியதும் வியாழக்கிழமை காலையில் தலைவரும் ஏழு பெரிய மனுஷர்களும் திரண்டு வந்துவிட்டார்கள். காரைச் சரிபண்ணக்கூடாது. அது ஊர்ச் சொத்து மாதிரி ஆகிவிட்டது, எத்தனை குடும்பம் அதனால் ஒட்டியிருக்கிறது, கிணறு என்னாவது, கல்யாணம் என்னாவது, நீ ஒருத்தி உன் புருஷனுக்காக ஊரைத் தீயில் தள்ளுவாயா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். குருவம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள், தலையை ஆட்டினாள், பெரியவங்க வெயில்ல நின்னு பேசலாமா, உள்ள ஒக்காந்து பேசுவம் என்று கார்க் கதவுகளைத் திறந்துவிட்டாள். எட்டுப் பேரும், முன்னால் இரண்டு, நடுவில் நாலு, பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் இரண்டு என்று மடங்கி உட்கார்ந்தார்கள். அவள் உட்காரவில்லை. ஜன்னல் வழியாகக் கையை மட்டும் விட்டுச் சாவியைத் திருப்பினாள், கையை வெளியே எடுத்துக்கொண்டாள், வெயிலில் நின்றாள்.

கார் உறுமிக்கொண்டு நின்றது. அவள் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, "நாளைக்கு இத சரிபண்ணப் போறேன். உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?" என்று கேட்டாள்.

உள்ளே எட்டு முகமும் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தன. "உன் வண்டி, நீ செய்யித்தா" என்றார் தலைவர். "புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கணும்ல" என்றார் இன்னொருவர். பின்னால் மடங்கியிருந்தவர் தூங்கிவிட்டார். எல்லார் முன்னாலும் வார்த்தை கொடுத்தாகிவிட்டது, இறங்கியபிறகு ஏமாந்தது புரிந்து தலைவர் முகம் கறுத்ததைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிக்கந்தர் பாய் பானெட்டைத் தூக்கினார். உள்ளே இருந்து சாவி திருப்ப ஒரு ஆள் வேண்டும், வேறு யாரும் சிக்கவில்லை, என்னைத் தள்ளிவிட்டார்கள். ஆக நானும் ஏறினேன். சாவியைத் திருப்பினேன், அந்த நிமிஷமே என் மனசு பஞ்சாகிவிட்டது, எட்டு மாத வியாபாரம் போனால் போகிறது என்று தோன்றியது, தலைவர்கூட நல்ல மனுஷன்தான் என்று தோன்றியது. "விடுங்க பாய், எதுக்கு இந்தப் பாடு" என்று நான் சொன்னதாகச் சொல்கிறார்கள். பாய் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அவர் டார்ச்சை அடித்து ஒரு கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதை அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிச் சொல்லிச் செய்ததால் நானும் சொல்கிறேன். என்ஜின் வெளியே தள்ளுகிற புகை இருக்கிறதே, அதை வீணாக்காமல் ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அந்தச் சுற்றில் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே ஊட்டுவதுதான் டர்போ. புகையை எந்த அளவுக்குத் திருப்புவது என்பதற்கு உள்ளே சின்னச் சின்ன இதழ்கள், அந்த இதழ்களை அசைக்க வெளியே ஒரு நெம்புகோல், நெம்புகோலை இழுக்க ஒரு மெல்லிய கம்பி, கம்பியை இழுக்க உழக்கு அளவில் ஒரு தகர டப்பா, அதன் பெயர் ஆக்சுவேட்டர். என்ஜின் ஓடினால் கம்பி டப்பாவுக்குள் போக வேண்டும், நிறுத்தினால் திரும்ப வேண்டும். "ஸ்டார்ட் பண்ணு" என்றார், பண்ணினேன், கம்பி அசையவில்லை. "நிறுத்து" என்றார், நிறுத்தினேன், அசையவில்லை. என்னை இறங்கச் சொன்னார், இறங்கியதும் என் எரிச்சல் ஒரு பங்கு குறைந்திருந்தது, இன்னொரு பங்கு பத்திரமாக இருந்தது.

பாய் டப்பாவுக்குப் போகிற ரப்பர் குழாயின் மறுமுனையைப் பிடுங்கி வாயில் வைத்து உறிஞ்சினார், நாக்கால் அடைத்துப் பிடித்தார், நாக்கு குழாயில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது, விடவில்லை. டப்பாவில் ஓட்டை இல்லை. ஆனால் கம்பி அப்போதும் அசையவில்லை. கம்பியும் நெம்புகோலும் சேருகிற இடத்தில் இருந்த கிளிப்பைக் கழற்றினார், மறுபடி உறிஞ்சினார், கம்பி சரக்கென்று உள்ளே போனது. அவர் தலையை நிமிர்த்தினார். எட்டு மாதமாக நான் காணாத ஒரு நெற்றிச் சுருக்கம் அவர் முகத்தில் விழுந்திருந்தது.

"டப்பா நல்லாருக்கு. கம்பி நல்லாருக்கு. நெம்புதான் இறுகிக் கெடக்கு, உள்ள இதழ்ல கரி. மொத்தத்தையும் மாத்துன்னு எவன்யா சொன்னது?" என்றார்.

"கரி எப்படி பாய் வந்துச்சு?" என்று குருவம்மாள் கேட்டாள்.

"மெதுவா ஓட்டுனதுல. மிதிச்சு ஓட்டுனா புகை சூடாப் போகும், கரி எரிஞ்சு போகும். நீ ரெண்டாவது கியருலயே உருட்டுன, புகை போற போக்குல படிஞ்சு படிஞ்சு அப்பிருச்சு." ஸ்பானரை எடுத்துக் கூட்டத்தைப் பார்த்து நீட்டினார். "இவ அடைக்கல. மெதுவா போ, மெதுவா போன்னு சொல்லிச் சொல்லி நீங்க அத்தன பேரும் சேந்து அடைச்சீங்க."

நான் டீ ஆற்றுகிற பாவனையில் திரும்பிக்கொண்டேன்.

துருவுக்கு அடிக்கிற எண்ணெயை நெம்புகோலின் அடியில் அடித்தார், மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டினார், விரலால் அசைத்தார், அசையவில்லை, மறுபடி அடித்தார், மறுபடி தட்டினார். இதற்குள் ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது, எண்ணெய் ஊறட்டும் என்று கையைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். குருவம்மாள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தாள், நெம்புகோலைத் தொட்டுப் பார்க்கிறாள், மலையைப் பார்க்கிறாள், நாளைக்கு மத்தியானம் என்கிறாள், சாப்பிடவில்லை. தொழுகை முடிந்து பாய் வந்து மறுபடி அசைத்தார், ஒரு மயிரிழை நகர்ந்தது. நகர்ந்த இடத்திலிருந்து திருப்பினார், இன்னொரு மயிரிழை. முன்னே பின்னே, முன்னே பின்னே என்று, குழந்தைக்குச் சுளுக்கு எடுக்கிற மாதிரி, வெயில் சாய்கிறவரை அவர் அதை விடவில்லை, கடைசியில் நெம்புகோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு டக்கென்று போய் டக்கென்று திரும்பியது. கிளிப்பை மாட்டினார், குழாயை மாட்டினார், கீழே நின்றபடியே கையை விட்டு ஸ்டார்ட் பண்ணினார், கம்பி உள்ளே போனது. நிறுத்தினார், கம்பி வந்தது. மறுபடி ஸ்டார்ட் பண்ணி முறுக்கிவிட்டார்.

பின்னாலிருந்து கரும்புகை வந்தது. எட்டு மாதத்துக் கரி, எட்டு மாதமாக ஜனம் சீட்டுக்கடியில் விட்டுப்போன எல்லாம், அவசரமில்லாமல் எழும்பி, ஜீப் ஸ்டாண்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, மேலத்தெருப் பக்கமாக நகர்ந்தது. பட்ட இடத்திலெல்லாம் ஜனம் ஒரு தடவை தும்மியது, தும்மியபிறகு அவரவருக்கு அவரவர் கோபம் ஞாபகத்துக்கு வந்தது. கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாளே, அவள் கையிலிருந்த கரண்டியை அடுப்பில் போட்டுவிட்டுப் புருஷனை உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள், அவன் முதல்முறையாகக் கடைசிவரை கேட்டான். அண்ணன் தம்பி கிணற்றடியில் முட்டிக்கொண்டார்கள், ஆனால் எட்டு மாதம் ஒருத்தன் வெற்றிலையை ஒருத்தன் மென்றவர்கள், பழையபடி கோர்ட்டு வரைக்கும் போகிற அளவுக்கு ஏறவில்லை, ஆளுக்கு மூன்று நாள் தண்ணீர் என்று கத்தியே முடிவு பண்ணினார்கள். மேலத்தெருப் பெண்கள் அத்தனை பேரும் வெறுங்குடத்தோடு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள், தலைவர் கார் இருக்கிற பக்கம் கையைக் காட்டிப் பார்த்தார், கார் வெறும் காராகிவிட்டதென்று யாரோ சொன்னார்கள். இரண்டாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. என் கடையில் புகை வந்த அன்று சாயங்காலமே மூன்று தடவை பால் வாங்கினேன்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். பாரம் இருந்தால்தான் மிச்சக் கரியும் எரியும் என்று சிக்கந்தர் பாய் என்னையும் என் கடைச் சர்க்கரை மூட்டை இரண்டையும் பின்னால் ஏற்றினார், அவர் முன்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். குருவம்மாள் எட்டு மாதத்துக்கு அப்புறம் கோபத்தோடு ஸ்டியரிங்கைப் பிடித்தாள், சாவியைத் திருப்பினாள், கோபம் அவளிடமே இருந்தது.

"மூணாவதுலயே வையி. மிதி. இன்னும் மிதி. எவன் ஹாரன் அடிச்சாலும் விடாத" என்றார் பாய்.

முதல் வளைவில் ஒரு குபீர்ப் புகை, அவள் சொன்னாள், என் தங்கச்சி கல்யாணத்துக்கு வரல இவரு. இரண்டாம் வளைவில் ஒரு குபீர்ப் புகை, காய்ச்சல்னு ஆள்ட்ட சொல்லிவிட்டேன், மாத்திரைய மட்டும் குடுத்து விட்டாரு. மூன்றாம் வளைவு வந்தது, கார் உள்மூச்சு வாங்கியது, கீழே எங்கேயோ விசில் மாதிரி ஒரு சத்தம் எழுந்தது, முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அழுத்தினார்கள், வளைவு பின்னால் போய்விட்டது. பாய் யா அல்லாஹ் என்று மெல்லச் சொன்னார். குருவம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை, சன்னாசியின் அண்ணன் உருண்டு போன ஐந்தாம் வளைவில் மட்டும் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டுக்கொண்டாள், மற்ற வளைவெல்லாம் அவருடைய குற்றங்களைச் சொல்லிக்கொண்டே ஏறினாள். பதினோரு வளைவு போதவில்லை.

தோட்டத்து கேட்டில் லாரி நின்றது, ஆட்கள் பாதி ஏறியிருந்தார்கள். சன்னாசி தகரப்பெட்டியும் கையுமாகக் கீழே நின்றார், இளைத்துப் போயிருந்தார். காரைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தார், ஒரு அடி முன்னே வந்தார், அப்புறம் நின்றுவிட்டார். குருவம்மாள் காரை கேட்டுக்கு முன்னால் நிறுத்தினாள், இறங்கினாள், லாரிமேல் இருந்த இருபது பேரும் கேட்க ஆரம்பித்தாள். தங்கச்சி கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தாள். காய்ச்சலுக்கு வந்தாள். குடகுக்குப் பெயர் கொடுக்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா என்றாள். உனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதானே, அதைச் சொன்னால் குறைந்தா போய்விடுவாய், அண்ணனை நினைத்து நீ அழுததை நான் பார்க்காதவளா என்றாள். "எட்டு மாசம் உம்மேல கோபப்படக்கூட வழியில்லாம கெடந்தேன்யா, அது எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா. நீ செத்துப்போன மாதிரி இருந்துச்சு" என்றாள், அந்த இடத்தில் குரல் உடைந்தது, உடைந்தும் நிறுத்தவில்லை. லாரி டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அவளும் நிறுத்தவில்லை, சன்னாசியும் திரும்பவில்லை. பெட்டிக்குமேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல், எல்லாவற்றையும் நின்று கேட்டார். லாரி கிளம்பிப் போய்விட்டது.

ஒரு இடத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இருக்கு."

சிக்கந்தர் பாய் சத்தமில்லாமல் முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் என் பக்கத்தில், சர்க்கரை மூட்டைமேல் வந்து உட்கார்ந்தார். சன்னாசி தகரப்பெட்டியைத் தூக்கி எங்கள் மடியில் வைத்தார், முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

"சொல்லு" என்றார்.